மூண்டு பேருக்கு ஒரு கல்லு

கோணேஸ்வரி வெள்ளைக்காறனோட மலைக்கு ஓடினவள் எண்டு கதைக்கிற ஆக்கள் எல்லாரும் ஒருக்கா வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. அவள் ஓடவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. கூடப் போனவள் நான், மக்டலீன். அம்பத்திரண்டு வயசு, ரெண்டு முழங்காலிலயும் வருத்தம். அந்த மலையில எட்டு நாள் கூடாரத்துக்குள்ள படுத்து எழும்பினனான். ஆராவது கேக்கிறதெண்டால் என்னட்டை எல்லோ கேக்கவேணும்? ஒருத்தரும் கேக்கேல்லை. அதால நானே சொல்லுறன்.

நானும் அவளும் ரொறன்ரோவில, வெக்ஸ்போர்ட்டில ஒரே கட்டடம், ஒரே மாடி. வேலையும் ஒரே இடம். லொறிக்குப் போடுற படங்கு, பாரம் இழுக்கிற பட்டி, உயரத்தில வேலை செய்யிறவை இடுப்பில கட்டுற பட்டி எல்லாம் தைக்கிற ஃபக்டரி. அவளுக்கு அப்ப முப்பத்தொரு வயசு. திருகோணமலைப் பிள்ளை. அவள் பட்டியில போடுற தையலை மாடு கட்டி இழுத்தாலும் பிரிக்கேலாது. வாய் மட்டும் திறக்கமாட்டாள். நாங்கள் இருபது பேர் சாப்பாட்டு மேசையில கத்திக்கொண்டிருப்பம், இவள் தன்ர பாட்டில பாணைப் பிச்சுத் தின்னுவாள்.

ஒரு விசர்ப்பழக்கம் அவளிட்ட இருந்தது. லிஃப்ற்றுக்குள்ள ரெண்டு பேர் நிண்டால் ஏறமாட்டாள். "நீங்கள் போங்கோ" எண்டுபோட்டு அடுத்ததுக்கு நிப்பாள். மூண்டு பேராய் ஒரு பயணம் வெளிக்கிடக்கூடாது, வெளிக்கிட்டால் ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாய்க் கொண்டுபோகவேணும் எண்டு எங்கட சனத்திட்ட ஒரு பழக்கம் இருக்கெல்லோ, அதுதான். ஊரில கலியாணம் பேசப் போகேக்க எடுக்கிறது. இவள் கடைக்குப் போகவும் எடுப்பாள். அவளின்ர ஹான்ட்பாக்கைத் தூக்கினால் என்ர தோள்மூட்டு கழண்டுவிடும். "எடி, குவாரி நடத்துறியோ?" எண்டு பகிடி பண்ணுவன். நான் வேதக்காறி, எனக்கு உந்தக் கல்லு, சகுனம் ஒண்டும் இல்லை. கழுத்தில அந்தோனியார் சுரூபத்தைப் போட்டுக்கொண்டுதான் இதைச் சொல்லுறன், சிரிக்காதேங்கோ.

பேந்துதான் எனக்குக் காரணம் விளங்கினது. சொன்னது அவளில்லை, அஜின்கோர்ட்டில இருக்கிற அவளின்ர மச்சாள், புருசன்ர தமக்கை தங்கேஸ்வரி. எனக்கு மட்டுமே சொன்னவ? பிறந்தநாள் வீட்டில, கடை வாசலில, கண்ட கண்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னவ. எண்பத்துமூண்டு ஜூலைக் கலவரத்தில இவை கொழும்பில ஒரு வீட்டில இருந்திருக்கினம். கோணேஸ்வரி, புருசன் பாக்கியராசா, மச்சாள், மூண்டு பேர். ஒழுங்கை முடிவில புகை எழும்பீட்டுது. ஓடவேணும்.

"நான் கேற்றடியில கல்லொண்டு எடுக்கக் குனிஞ்சனான். இவள்தான் என்ர கையைப் பிடிச்சு இழுத்தவள். 'கல்லுக்கு இப்ப நேரமோ, ஓடுங்கோ' எண்டவள். மூண்டு பேராய் வெளிக்கிட்டம். சந்தியில என்ர தம்பியைப் பிடிச்சிட்டாங்கள். ஒரு சிங்கள மனுசி எங்கள் ரெண்டு பேரையும் தன்ர கேற்றுக்குள்ள இழுத்துப் பூட்டினா. மூண்டு பேராய் வெளிக்கிட்டு ரெண்டு பேராய்ப் போய்ச் சேந்தம்." இதைத்தான் அவ நாலு வருசமாச் சொன்னவ. கோணேஸ்வரி பக்கத்தில இருந்தாலும் சொல்லுவா. அவள் தலையைக் குனிஞ்சுகொண்டு தேத்தண்ணி குடிப்பாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "ஏனடி பேசாமல் இருக்கிறாய்?" எண்டு ஒருநாள் பஸ்ஸில கேட்டன்.

"அவ சொல்லுறது பொய்யில்லை அக்கா. நான்தான் இழுத்தனான்" எண்டாள்.

இனிக் குகைக்கு வாறன். எண்பத்தைஞ்சில லூயிஸ் எண்டு ஒரு வெள்ளைக்காறப் பெட்டை கிழிஞ்ச இடுப்புப் பட்டியொண்டைத் தூக்கிக்கொண்டு ஃபக்டரிக்கு வந்தாள். கயித்தில தொங்கிக் குகைக்குள்ள இறங்குற ஒரு சங்கம் இருக்காம், அதில அவள் ஆள். கோணேஸ்வரி பட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாள். "இதை நான் தைக்கமாட்டன். நூல் உக்கிப்போச்சு. இதில தொங்கினால் நீ சாவாய். புதுசு தைச்சுத் தாறன்" எண்டு தன்ர முறிஞ்ச இங்கிலீசில சொன்னாள். அது அவள் அந்த மாசத்தில கதைச்ச ஆக நீளமான கதை. மற்றக் கிழமை லூயிஸ் வந்து, தைச்ச ஆளே ஒருக்கா அதில தொங்கிப் பாரன் எண்டு கேட்டிருக்கிறாள். இவளும் ஓமெண்டிட்டாள்.

அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில ஒன்ராறியோச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள உள்ள பொந்தெல்லாம் இவள் பூந்து வந்தாள். கட்டடத்தில சனம் வாய்விட்டுச் சிரிச்சுது. "புருசன் செத்த பொம்பிளை பொந்துக்குள்ள என்ன தேடுறாள்?" எண்டு ஒரு மனிசன் லோன்றிக்க நிண்டு கேட்டான். உடுப்புக் கூடையை அவன்ர காலில போட்டுட்டு வந்தனான். இவளிட்ட நானும் கேட்டனான்தான், ஏனெண்டு. "கீழ இறங்கினால் மேல ஏறவேணும், அவ்வளவுதான் அக்கா. வேற ஒரு கேள்வியும் அங்க இல்லை" எண்டாள்.

எண்பத்தேழு கோடையில சங்கம் றொக்கி மலைக்கு வெளிக்கிட்டுது. அங்க ஆயிரத்து முந்நூறு அடி ஆழத்துக்கு ஒரு குகையாம். பேரும் இடமும் நான் சொல்லமாட்டன், வேற ஆக்கள் போய்ப் பழுதாக்கிப்போடுவினம் எண்டு அவை கேட்டுக்கொண்டவை. "ஆயிரத்து முந்நூறு அடியடி!" எண்டு நான் கத்தினன். "தலைக்கு மேல போனால் சாண் என்ன முழம் என்ன" எண்டாள். தங்கேஸ்வரி ரெலிபோனில ஒப்பாரி வைச்சா. தனியப் பொம்பிளை, வெள்ளைக்காறரோட, ஊர் என்ன சொல்லும்? ஊர்வாயை மூட உலைமூடி இல்லைத்தான், ஆனால் எனக்கு வந்த கோவத்தில, "அவள் தனியப் போகேல்லை, நான் போறன்" எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன பிறகுதான் முழங்கால் ஞாபகம் வந்தது. சங்கத்துக்கு ஒரு சமையல்காறி தேவைப்பட்டது, நல்லதாப் போச்சு.

ஜூலைக் கடைசியில ஃபக்டரி ரெண்டு கிழமை மூடுறது. மூண்டு நாள் வானில ஓடி, ஒரு நாள் நடந்து ஏறினம். நான் ஏறினதை நீங்கள் பாத்திருக்கவேணும். ஒவ்வொரு திருப்பத்திலயும் ஒரு புனிதரைக் கூப்பிட்டு, புனிதர் முடிஞ்ச பிறகு தூசணத்தில தொடங்கினன். மேல ஜூலை மாசத்தில பனி கிடக்குது! பன்ரண்டு பேருக்கு ரொட்டியும் பருப்பும் ரின்மீன் கறியும் காச்சினன். முதல் நாள் உறைப்பில மூக்கைச் சிந்தினவை, மூண்டாம் நாள் சட்டியை வழிச்சவை.

தலைவர் கெய்த் எண்டு ஒரு நெட்டையன், நல்ல மனிசன், ஆனால் சட்டம் பேசுறவன். குகை வாசலில ஒரு தகரப் பெட்டி, அதுக்குள்ள ஒரு கொப்பி. உள்ள போற ஆக்கள் நேரத்தையும் எத்தினை பேர் எண்டதையும் எழுதவேணும். வரேக்கயும் எழுதவேணும். உள்ள போன தொகையும் வெளிய வந்த தொகையும் ஒண்டா இருக்கவேணும். அதுதான் முதலாவது சட்டம்.

நாலாம் நாள் லூயிஸ், பீற்றர் எண்ட ஒரு பெடியன், கோணேஸ்வரி, மூண்டு பேரும் பாதித் தூரத்துக்குக் கயிறு கட்டப் போனவை. கொப்பியில எழுதினது கோணேஸ்வரி. எழுதின நம்பர் நாலு.

மத்தியானம் மழை கொட்டத் தொடங்கினது. குகைக்குள்ள தண்ணி இறங்கும் எண்டு கெய்த் வாசலுக்கு ஓடினான். கொப்பியைத் திறந்தால் நாலு பேர். கூடாரத்தில ஆக்களை எண்ணினால் ஒரு தாடிக்கார வாத்தியாரைக் காணேல்லை. அந்தாள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போயிருக்குது, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அனுபவம் இல்லாத மனிசன் உள்ளுக்க போய்ச் சிக்கிப்போட்டார் எண்டு நினைச்சு கெய்த் தானே அந்தத் தண்ணிக்குள்ளால இறங்கினான். முதலாவது கிணத்தில, அவை ஷாஃப்ற் எண்டுவினம், எனக்கு அது கிணறுதான், மூண்டு பேரும் சுகமா மேல ஏறி வந்துகொண்டிருக்கினம். "நாலாவது ஆள் எங்க?" எண்டு இவன் கத்த, மேல இருந்து ஒரு கல்லு கழண்டு வந்து கயித்தைப் பிடிச்சிருந்த கையில விழுந்தது. ரெண்டு விரல் முறிஞ்சுபோச்சு.

சமையல் கூடாரத்துக்குள்ள எல்லாரும் நனைஞ்சுபோய் நிண்டவை. கெய்த்தின்ர கையில கட்டு. "ஆர் அந்த நாலாவது ஆள்?" எண்டான். கோணேஸ்வரி பைக்குள்ள கைவிட்டு எலுமிச்சங்காய் அளவில ஒரு கல்லை எடுத்து என்ர சமையல் மேசையில வைச்சாள். கடவுளே, நிலம் பிளந்து என்னை விழுங்காதோ எண்டிருந்தது எனக்கு.

"எடி மொக்கு! கல்லைக் கொண்டு போனால் போ, அதை ஏனடி எழுதினனீ?" எண்டு நான் தமிழில கத்தினன்.

"எழுதாட்டி அது ஆளில்லையே அக்கா. வெறும் கல்லெல்லோ?" எண்டாள்.

கெய்த் சொல்லிப்போட்டான், இனி இறங்கேலாது, கடைசி மட்டும் சமையலுக்கு உதவி செய் எண்டு. அப்பதான் அவள் வாய் திறந்தாள். நாலு வருசம் மச்சாளின்ர வீட்டில திறக்காத வாய். கேற்றடி, புகை, தான் பிடிச்சு இழுத்த கை, சந்தி எல்லாத்தையும் முறிஞ்ச இங்கிலீசில ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சொன்னாள். அடுப்பில என்ர பருப்பு அடிப்பிடிச்சதும் எனக்குத் தெரியேல்லை.

"உன்ர விரலுக்கு நான்தான் பொறுப்பு. பிழை என்ர. மன்னிப்புக் கேக்கிறன்" எண்டாள். "ஆனால் இறங்காதை எண்டு சொல்லாதை. நீங்கள் எல்லாரும் தொங்குற பட்டி நான் தைச்சது. அதில ஒரு தையல் பிழைச்சிருந்தால் காட்டு, நான் இப்பவே வீட்ட போறன்."

கெய்த் கட்டுப் போட்ட கையைப் பாத்துக்கொண்டு இருந்தான். அடிமட்டத்துக்குப் போகவெண்டு வைச்சிருந்த ஆக்கள் நாலு பேர்: அவன், லூயிஸ், பீற்றர், கோணேஸ்வரி. அவன்ர விரல் முறிஞ்சுபோச்சு. மிச்சம் மூண்டு பேர். விளங்குதே? இவள் எழுதின நாலுதான் அவையை மூண்டாக்கினது. "அவள் இல்லாட்டி நானும் இல்லை" எண்டு லூயிஸ் சொன்னாள். கெய்த் கடைசியில, "கல்லைக் கொண்டு போறதும் விடுறதும் உன்ர விருப்பம். கொப்பியில உள்ள நம்பர் மட்டும் உயிருள்ள ஆக்களாய் இருக்கவேணும்" எண்டான்.

ரெண்டு நாள் கழிச்சு விடியவெள்ளாப்பில நானும் குகை வாசல் மட்டும் ஏறினன். சும்மா விடுவனே! பனிக்கு மேலால கெய்த்தின்ர முறியாத கையைப் பிடிச்சுக்கொண்டு போனன். வாசல் ஒரு வீட்டுக் கதவளவுதான். உள்ளுக்க இருந்து வந்த குளிர் என்ர பல்லுக்குள்ள பூந்தது. ஆயிரத்து முந்நூறு அடி. இருபத்துநாலு மணித்தியாலத்தில திரும்ப வாசலில நிக்கவேணும். வராட்டி, அதுக்கு மேல ஆறு மணித்தியாலம் பாத்திட்டு ஹெலிகொப்ரருக்குச் சொல்லவேணும்.

கோணேஸ்வரி கல்லைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டாள். உண்மையைச் சொல்லுறன், என்ர பகிடியெல்லாம் பனியோட உருகிப்போச்சு. அவளின்ர காதுக்குள்ள, "கொண்டு போடி. பைக்குள்ள போடு, எழுதாதை, ஆருக்குத் தெரியும்?" எண்டு கெஞ்சினன். நான், வேதக்காறி!

அவள் என்ர உள்ளங்கையை விரிச்சுக் கல்லை வைச்சாள். "நீங்கள் வைச்சிருங்கோ அக்கா. இந்தமுறை கல்லில்லாமல் போய் நான் பாக்கவேணும்" எண்டாள். கொப்பியில மூண்டு எண்டு பெரிசா எழுதினாள். லூயிஸ் இறங்கினாள், பீற்றர் இறங்கினான், இவள் திரும்பிப் பாக்காமல் இறங்கினாள். கொஞ்ச நேரம் விளக்கு வெளிச்சம் தெரிஞ்சுது, பேந்து கயிறு மட்டும்தான் ஆடினது.

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு அவை வரவேணும். ஆறுக்கு வரேல்லை. ஏழுக்கு வரேல்லை. கெய்த் மணிக்கூட்டைப் பாக்கிறதும் கொப்பியைப் பாக்கிறதுமா நடந்தான். நான் கல்லைப் பொத்திக்கொண்டு இருந்தன். எட்டு மணிக்கு அதைக் குகைக்குள்ள எறிவமோ எண்டு யோசிச்சன். எறிஞ்சால் ஆரின்ரயாவது தலையில விழும். அவளுக்கு ஏதும் நடந்தால் தங்கேஸ்வரி என்ன சொல்லுவா எண்டு எனக்குச் சொல்லுக்குச் சொல்லுத் தெரியும். அதுக்குப் பிறகு அந்தக் கதையை ஒருத்தராலயும் மாத்தேலாது. உயிர் போறதை விட எனக்கு அதுதான் கூடப் பயமாயிருந்தது. வெக்கமில்லாமல் சொல்லுறன், அந்தோனியாரை ஒரு கையிலயும் கல்லை மற்றக் கையிலயும் பிடிச்சுக்கொண்டு அழுதனான்.

பத்தரைக்குக் கயிறு இழுபட்டுது. முதல் பீற்றர், முகமெல்லாம் சேறு. பிறகு லூயிஸ், வந்தவுடன பனியில விழுந்து படுத்திட்டாள். அதுக்குப் பிறகு ஒருத்தரும் இல்லை. பத்து நிமிசம். இருபது நிமிசம். "எங்கயடி அவள்?" எண்டு லூயிஸைப் பிடிச்சு உலுப்பினன். அவளுக்குத் தமிழ் தெரியுமே? பல்லுக் கிடுகிடுத்துக்கொண்டு விரலால கயித்தைக் காட்டினாள். கயிறு திரும்ப இழுபட்டுது. ஒரு மஞ்சள் ஹெல்மெற் மேல வந்தது.

கோணேஸ்வரிக்கு நிக்க ஏலாது, முழங்காலில நிண்டாள். உதடு நீலம். எல்லாருக்கும் பின்னால கயிறுகளைக் கழட்டிக்கொண்டு வந்ததால சுணங்கினதாம்.

"அக்கா, எண்ணுங்கோ" எண்டாள்.

"என்னத்தையடி?"

"எங்களை எண்ணுங்கோ. பலமா."

ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு அந்த மலைக்குக் கேக்கக் கத்தினன். கத்திப்போட்டு அந்தக் கல்லை ஏலுமான தூரத்துக்கு வீசினன். கெய்த் கொப்பியை அவளிட்டக் குடுத்தான், அவளே எழுதினாள்.

ரொறன்ரோவுக்கு வந்து முதல் ஞாயிறு அஜின்கோர்ட்டுக்குப் போனம். அவள் கூப்பிடாட்டியும் நான் போயிருப்பன். தங்கேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு, வழமைபோலத் தொடங்கினா. "கண்டறியாத குகை. மூண்டு பேராய்த்தான் இறங்கினனியாம்? பட்டும் உனக்குப் புத்தி வரேல்லையே?"

கோணேஸ்வரி குனியேல்லை. கோப்பையைக் கீழ வைச்சாள். "ஓம் மச்சாள். மூண்டு பேராய்ப் போனம். கல்லு இல்லை. மூண்டு பேரும் வந்தம்."

தங்கேஸ்வரியின்ர முகம் எப்பிடியோ போச்சு. பிறகு ஒரு சின்னக் குரலில, நாலு வருசத்தில நான் கேக்காத குரலில கேட்டா: "அப்ப என்ர தம்பியை ஆர் கொண்டது?"

"கொண்டவங்கள்தான் கொண்டவங்கள் மச்சாள். கல்லு இல்லை, நானும் இல்லை." அவள் ஒருக்கா மூச்செடுத்தாள். "குனிஞ்சும் எடுக்காமல் வந்த நீங்களும் இல்லை."

அந்த மனுசி அப்பிடி அழுதா. அழுது முடியும் மட்டும் கோணேஸ்வரி பக்கத்தில இருந்தாள்.

வெளிக்கிடேக்க, கீழ மட்டும் வாறன் எண்டு தங்கேஸ்வரியும் சீலையைச் சரிபண்ணிக்கொண்டு வந்தா. லிஃப்ற்றடியில ஒரு பூச்சட்டி, அதுக்குள்ள வடிவுக்குப் போட்ட சின்னக் கல்லுகள். லிஃப்ற் திறந்தது, உள்ளுக்க ஒருத்தரும் இல்லை. நாங்கள் மூண்டு பேர். தங்கேஸ்வரியின்ர கை தன்ர பாட்டில பூச்சட்டிப் பக்கம் போனதை நான் கண்டன்.

கோணேஸ்வரி அந்தக் கையைப் பிடிச்சாள். "வாங்கோ மச்சாள்" எண்டு உள்ளுக்க இழுத்துப் பட்டனை அமத்தினாள். பன்ரண்டு மாடி. மூண்டு பேரும் போய்ச் சேந்தம்.